மானிட்டருக்கு ஒரு புகழ்மாலை

ஐ.சி.யூ. படுக்கையின் தலைமாட்டில் சுவரோடு பொருத்திய தாங்கியில் உட்கார்ந்து, இரவும் பகலும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் மானிட்டரே, உன்னைப் புகழ வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பார்வை நேரத்தில் உள்ளே வரும் உறவினர்கள் படுத்திருப்பவரின் முகத்தைப் பார்க்கும் முன்பே உன் முகத்தைப் பார்த்துவிடுகிறார்கள். "ஆக்சிஜன் தொண்ணூத்தேழு காட்டுது, பயமில்ல" என்று வெளியே வராந்தாவில் காத்திருப்பவர்களிடம் போய்ச் சொல்கிறார்கள். ரவுண்ட்ஸ் வரும் டாக்டரும் உன்னை நிமிர்ந்து பார்த்த பிறகுதான் குனிந்து நோயாளியைப் பார்க்கிறார். இத்தனை பேர் நம்பும் உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல இதுவரை யாரும் உட்காரவில்லை. நான் சொல்கிறேன். இதில் மிகை எதுவும் இல்லை. உன்னோடு அட்டைப்பெட்டியில் வந்த கையேட்டை யாராவது பிரித்திருந்தால், நான் சொல்வதை அதிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில் உன் சமநோக்கு. யார் வந்து படுத்தாலும் உனக்கு ஒன்றுதான். தொழிற்சாலையிலிருந்து கிளம்பும்போது உனக்குள் எழுதி அனுப்பிய எல்லைகளை, பந்தியில் பரிமாறுபவரைப்போல, எல்லோர் இலையிலும் ஒரே அளவாக வைக்கிறாய். உன் இனத்தில் பல மாடல்களுக்கு நாடித்துடிப்பின் கீழ் எல்லை 50, மேல் எல்லை 120, ஆக்சிஜன் செறிவின் கீழ் எல்லை 90. ஐம்பது வருடம் பீடி புகைத்து நுரையீரல் கெட்டுப்போன பெரியவருக்கு 88க்கும் 92க்கும் இடையில் வைத்திருப்பதே சரியான சிகிச்சை என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அவர் 89இல் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார். நீ விடிய விடிய அடித்துக்கொண்டிருப்பாய். கடைசியில் சத்தம் தாங்காமல் யாரோ ஆக்சிஜனைக் கூட்டிவைப்பார்கள். நீ அமைதியாகிவிடுவாய். கூடுதல் ஆக்சிஜனில் அவர் உடம்பில் கரியமில வாயு ஏறிக்கொண்டிருப்பது உன் திரையில் வராது. பக்கத்துப் படுக்கையில், துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடும் அம்மாள், தூக்கத்தில் துடிப்பு 47. அங்கேயும் அதே மணி, அதே ராகம்.

மூன்றாவது படுக்கைக்காரர் அன்று காலைதான் வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டவர். மதியம் 98, மாலை 95, ராத்திரி 92 என்று இறங்கிக்கொண்டே வருகிறார். நீ வாய் திறப்பதில்லை. 90 இன்னும் வரவில்லை. 90 என்பது ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறத்தாழ 60 மி.மீ. பாதரசம் என்ற இடம். அதற்குக் கீழே போனால் சறுக்கல் செங்குத்து. அதுவரை பொறுத்திருந்து அந்த விளிம்பில் நின்று குரல் கொடுக்கிறாய். சொல் தவறாதவன் நீ. 90 என்று உனக்குச் சொல்லிவைத்தார்கள், 90இல் சொன்னாய். இவருக்கு 94இல் சொல் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. எல்லைகளுக்கான மெனுவைத் திறந்து எண்ணை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது.

வயது வித்தியாசமும் நீ பார்ப்பதில்லை. பெரியவர், சிறுவர், பச்சிளம் குழந்தை என்று மூன்று வகை உன் மெனுவில் இருக்கிறது. அதைத் தொட்டால் அலாரம் எல்லை மட்டுமல்ல, ரத்த அழுத்தக் கஃப்பை எவ்வளவு ஊத வேண்டும், இ.சி.ஜி.யில் துடிப்பை எப்படி எண்ண வேண்டும் என்பதும் கூடவே மாறும். தொடாவிட்டால், ‘பெரியவர்’ என்று வைத்திருந்த அமைப்பிலேயே குழந்தையின் கையையும் அழுத்துவாய். அழுவது குழந்தை. உன்மேல் குற்றம் சொல்ல முடியாது. உன்னிடம் கேட்டதைச் செய்தாய்.

உன் ஞாபகசக்தி இன்னொரு பெருமை. ஒரு நோயாளி வார்டுக்கு மாறிப்போகும்போது உன் திரையில் ‘டிஸ்சார்ஜ்’ என்ற பட்டனை அமுக்க வேண்டும். அப்போதுதான் அவருடைய பெயர், எல்லைகள், பல மணி நேரப் பதிவுகள் எல்லாம் அழிந்து அடுத்தவருக்கு இடம் கிடைக்கும். நம் வார்டுகளில் படுக்கை விரிப்பை மாற்றுகிறார்கள், வயர்களைத் துடைக்கிறார்கள், அந்தப் பட்டன் மறந்துபோகிறது. நீ மறப்பதில்லை. போனவருக்காக யாரோ கவனமாக 85 என்று இறக்கிவைத்த ஆக்சிஜன் எல்லையை, புதிதாக வந்திருக்கும் நிமோனியாப் பையனுக்கும் அப்படியே காத்துவைத்திருக்கிறாய். ஒருவருக்குச் செய்த அக்கறை இன்னொருவருக்கு ஆபத்தாகிற இடம் இது. நெடுநேரம் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போட்டால், உங்களில் பலர் எல்லாவற்றையும் மறந்து தொழிற்சாலை எண்களுக்கே திரும்பிவிடுவீர்கள். எது நினைவில் இருக்கும், எது போகும் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். அதைத் தெரிந்துவைத்திருப்பவர் வார்டில் யார் என்று கேட்டால், பெரும்பாலும் ஒருவர் பெயர்தான் வரும். அவரும் பகல் டியூட்டி பயோமெடிக்கல் என்ஜினியராக இருப்பார்.

உன் அழகைச் சொல்லாமல் விடலாமா? பச்சையில் ஓடும் இ.சி.ஜி. கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நோயாளி அசைந்தாலும், மூச்சு வாங்கினாலும், மின்சாரக் கம்பியின் இரைச்சல் கலந்தாலும் அந்தக் கோடு பிசிறில்லாமல் ஓட வேண்டுமென்று உனக்குள் ஃபில்டர்கள் வைத்திருக்கிறார்கள். பொதுவாக மூன்று நிலைகள்: அறுவைசிகிச்சை நிலை, கண்காணிப்பு நிலை, நோயறி நிலை. அறுவை அரங்கில் டயதெர்மி கருவி கிளப்பும் இரைச்சலைக் கத்தரிக்க முதலாவது, வார்டில் அன்றாடம் பார்க்க இரண்டாவது. மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் எஸ்.டி. பகுதி ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்க்க மூன்றாவது. அந்த எஸ்.டி. பகுதி மெதுவான அலை. தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர் அதைத் தொட்டுவிட்டால் இல்லாத சரிவு தெரியலாம், இருக்கும் ஏற்றம் மழுங்கலாம். ஆகவே கோடு எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டும். அறுவை அரங்கிலிருந்து அந்த அமைப்போடேயே ஐ.சி.யூ. வந்துசேரும் உன்னை, "என்ன ஃபில்டரில் இருக்கிறாய்" என்று கேட்பவர் குறைவு. திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் நீ அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாய்.

அலையின் உயரத்தைப் பற்றியும் ஒன்று. சாதாரணமாக ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ., வேகம் விநாடிக்கு 25 மி.மீ. கோடு சின்னதாகத் தெரிந்தால் கெய்னை இரண்டு மடங்காக்குகிறார்கள். பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் பல மாடல்களில் அந்தப் பெரிதாக்கல் கண்ணுக்கு மட்டும்தான். துடிப்பை எண்ணும் பகுதிக்கு அதே சின்ன அலைதான் போகிறது. அங்கே வேண்டியது நல்ல லீட், அதாவது இதயத்தைப் பார்க்கும் நல்ல கோணம். துடிப்பின் கூரான ஆர் அலை உயரமாகவும், அதைத் தொடரும் டி அலை குட்டையாகவும் இருக்கும் லீடைத் தேடிப்பிடிக்க வேண்டும். ரெண்டாம் லீட் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. வழக்கம் எல்லா நெஞ்சுக்கும் பொருந்தாது. டி அலை ஓங்கி நிற்கும் ஒருவருக்கு நீ ஒரு துடிப்பை இரண்டாக எண்ணி 75ஐ 150 என்று காட்டுவாய். மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணிப்பார்க்கும் சிஸ்டர் இருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இல்லாவிட்டால், ஓடாத குதிரைக்குக் கடிவாளம் போடும் மருந்து ஏறும்.

இனி, உன் விசுவாசம். பேஸ்மேக்கர் வைத்தவர்களிடம் நீ காட்டும் விசுவாசத்துக்கு ஈடு இல்லை. இந்த நோயாளிக்குப் பேஸ்மேக்கர் உண்டா இல்லையா என்று உன் மெனுவில் ஒரு வரி இருக்கிறது. ‘உண்டு’ என்று போட்டால், பேஸ்மேக்கர் அனுப்பும் கூரிய மின் ஸ்பைக்கை இதயத்தின் துடிப்பிலிருந்து நீ பிரித்துப் பார்ப்பாய். ‘இல்லை’ என்றே கிடந்தால், அந்த ஸ்பைக்கையே துடிப்பென்று எண்ணிவிடக்கூடும். இதயம் நின்றுபோன பிறகும் பேஸ்மேக்கர் நிற்காது. அது நிமிடத்துக்கு 70 தடவை மின்சாரம் அனுப்பிக்கொண்டிருக்கும், நீ ‘70’ என்று பச்சையில் எழுதிக்கொண்டிருப்பாய். ஆள் போன பிறகும் அவர் கணக்கை முடிக்காத விசுவாசம் இது. இந்த எச்சரிக்கையை உன்னைச் செய்தவர்கள் கையேட்டில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். கையேடு பெரும்பாலும் ஸ்டோர் ரூம் அலமாரியில், இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கிறது.

மூச்சை எண்ணும் விதத்திலும் உன் எளிமை எனக்குப் பிடிக்கும். தனிக் கருவி ஏதும் கேட்பதில்லை. இ.சி.ஜி.க்காக நெஞ்சில் ஒட்டிய அதே எலெக்ட்ரோடுகளுக்கு இடையில் நெஞ்சு விரியும்போதும் சுருங்கும்போதும் மின்தடை மாறுவதை வைத்து எண்ணிவிடுகிறாய். தொண்டை அடைத்துக் காற்று உள்ளே போகாமல் நெஞ்சு மட்டும் ஏறி இறங்கினாலும் எண்ணுவாய். மூச்சு மிக மெலிந்து, இதயத்தின் அசைவு மட்டும் தெரிந்தால் அதையும் சில நேரம் மூச்சாக எடுத்துக்கொள்வாய். எவ்வளவு அசைவை மூச்சாக எண்ணுவது என்ற எல்லையைக் கையால் சரிசெய்யும் வசதி உன்னிடம் இருக்கிறது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்?

விரலில் மாட்டும் ஆக்சிஜன் புரோப் பற்றிச் சொல்லும்போது முதலில் தகுவோ அயோயாகியை வணங்கிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். ஜப்பானில் நிஹான் கோடென் நிறுவனத்தில் வேலைபார்த்த அந்தப் பொறியாளர், துடிக்கும் ரத்தத்தின் ஒளி மாற்றத்தை மட்டும் பிரித்தெடுத்து ஆக்சிஜன் செறிவை அளக்கலாம் என்று 1974இல் உலகுக்குச் சொன்னார். சிவப்பொளி, அகச்சிவப்பொளி இரண்டும் விரலைக் கடந்து வரும் விகிதம்தான் எல்லாம். அவர் 2020இல், உலகமே தம் விரலில் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டிருந்த கொரோனா ஆண்டில் காலமானார். அவர் கண்டுபிடித்ததில் குறையில்லை. அதற்கு மேல் நாம் போர்த்திய நாகரிகம்தான் கவலை தருகிறது.

அந்த நாகரிகத்தில் நீ கைதேர்ந்தவன். கை சில்லிட்டு, நாடி மெலிந்து, விரலுக்கு ரத்தம் சரியாக வராதபோதும் உன் நீல அலை கம்பீரமாக எழுந்து எழுந்து விழும். காரணம், அலையைத் திரைக்கு ஏற்றபடி நீயே பெரிதாக்கிக்கொள்கிறாய். அந்த உயரத்துக்கும் ரத்த ஓட்டத்துக்கும் தொடர்பு இல்லாமல் போய்விடுகிறது. சில மாடல்களில் ரத்த ஓட்டக் குறியீடு என்று தனி எண் உண்டு. அதைத் திரையில் கொண்டுவர யாராவது ஒருமுறை அமைப்புப் பக்கத்துக்குப் போக வேண்டும். போகாததால் அந்த எண் உனக்குள்ளேயே இருக்கிறது.

எண்ணைச் சராசரி எடுத்துச் சொல்லும் பழக்கமும் அப்படித்தான். நாலு விநாடிச் சராசரியா, எட்டா, பதினாறா என்று கேட்கிறாய். நீளமாக வைத்தால் எண் குதிக்காது, அலாரமும் குறையும், எல்லோருக்கும் நிம்மதி. ஒரு சின்னக் குழந்தை பத்து விநாடி மூச்சை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் அந்தப் பள்ளத்தை நீ நிரவிவிடுவாய். அந்தக் குழந்தைக்கு ராத்திரி எத்தனை பள்ளம் என்று காலையில் சொல்ல யாரிடமும் பதிவு இருக்காது.

தோல் நிறம் பற்றி உன் மெனுவில் ஒரு வரியும் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, விரல் கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது தமனி ரத்தத்தில் உண்மையில் 88க்கும் கீழே இருந்த அளவீடுகள் வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடு என்று சொன்னது. நம் வார்டுகளில் நீட்டப்படும் விரல்களில் எத்தனை வெளுத்தவை? அமெரிக்காவில் அளந்த எண்ணை அப்படியே நம்மேல் போட முடியாது. ஆனால் கறுத்த விரலுக்கு ஆக்சிஜனின் கீழ் எல்லையைச் சற்று உயர்த்திவைத்து, சந்தேகம் வந்தால் தமனி ரத்தம் எடுத்துப் பார்ப்பதற்கு எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டாம்.

ரத்த அழுத்தத்தில் உன் பொறுமையைப் பற்றித் தனியாகவே ஒரு புராணம் எழுதலாம். கஃப்பை ஊதி, மெல்ல இறக்கி, ரத்தக்குழாயின் அதிர்வைக் கேட்டு நீ நேரடியாகப் பிடிப்பது சராசரி அழுத்தத்தை. மேல் எண்ணும் கீழ் எண்ணும் அதிலிருந்து நீ கணக்குப் போட்டுச் சொல்பவை, அந்தக் கணக்கு ஒவ்வொரு நிறுவனத்தின் வீட்டு ரகசியம். ஒருதடவை அளந்துவிட்டால் அடுத்தது வரும்வரை அந்த எண்ணை மாற்றாமல் காட்டிக்கொண்டிருப்பாய். இடைவெளி ஒரு மணி நேரம் என்று வைத்திருந்தால், 10 மணிக்கு எடுத்த 118/76 என்பது 10.50க்கும் அதே கம்பீரத்தோடு நிற்கும். பக்கத்தில் எடுத்த நேரத்தையும் எழுதிவைத்திருப்பாய், மிகச் சின்னதாக. இடையில் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து ஒருவர் சரிந்துகொண்டிருந்தாலும் நீ பழைய நல்ல செய்தியையே சொல்லிக்கொண்டிருப்பாய். தானியங்கி இடைவெளியை நிறுத்தி ‘கையால்’ என்று மாற்றிவிட்டால், யாராவது வந்து அமுக்கும்வரை காத்திருப்பாய். எக்ஸ்ரே எடுக்கும்போது நிறுத்தியவர்கள், எடுத்து முடித்த பின் மறுபடி போட மறப்பது உண்டு. கஃப்பின் அளவையும் நீ கேட்பதில்லை. பருத்த கையில் சின்னக் கஃப்பைச் சுற்றினால் இல்லாத ரத்தக்கொதிப்பைக் காட்டுவாய், அதற்கும் மாத்திரை எழுதப்படும்.

தமனிக்குள் குழாய் செருகி நேரடியாக அழுத்தம் பார்க்கும்போது நீ இன்னும் அடக்கமானவன். அழுத்தத்தை அளக்கும் ட்ரான்ஸ்டியூசரை இதயத்தின் மட்டத்தில், அக்குளின் நடுக்கோட்டில் நாலாவது விலா இடைவெளிக்கு நேராக வைத்து, காற்றுக்குத் திறந்து பூஜ்ஜியம் போட வேண்டும். 10 செ.மீ. கீழே தொங்கினால் ஏறத்தாழ 7 மி.மீ. கூடுதலாகக் காட்டுவாய், 20 செ.மீ. என்றால் 15. சராசரி அழுத்தம் 65க்குக் கீழே போனால் சிறுநீரகம் தாங்காது என்று மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டிருக்கும் நோயாளியிடம் அந்த 15 எவ்வளவு பெரிது! படுக்கையை உயர்த்துகிறார்கள், ட்ரான்ஸ்டியூசர் ஸ்டாண்டிலேயே பழைய உயரத்தில் நிற்கிறது. நீ அதைக் கவனித்துச் சொல்லும்படி யாரும் உன்னைச் செய்யவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறாய், கேளாததற்கு மௌனம்.

உன் குரலுக்கு வருகிறேன். உன்னைவிட அதிகம் பேசுபவர் ஐ.சி.யூ.வில் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் ஐந்து ஐ.சி.யூ.க்களில் 31 நாள் உன் இனத்தார் எழுப்பிய எச்சரிக்கைகளை எண்ணி 2014இல் வெளியிட்டார்கள். மொத்தம் 25,58,760. அவற்றில் காதுக்குக் கேட்டவை 3,81,560, அதாவது ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு 187. துடிப்பின் தாளம் தவறியதாக நீங்கள் சொன்னவற்றில் 12,671ஐ எடுத்து ஆராய்ந்தபோது 88.8 விழுக்காடு பொய். அத்தனை சத்தத்துக்கு நடுவே நிற்பவள் ஒரு சிஸ்டர். அவளுக்குப் பார்க்க வேண்டியது ஒன்றுக்கு மேற்பட்ட படுக்கை. ஓடி ஓடி வந்து பார்த்து, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று திரும்பியவள், ஒருநாள் ஓடாமல் நிற்கிறாள். அவளைக் குற்றம் சொல்லும் தகுதி, அவளுக்கு அந்த 187ஐக் கொடுத்தவர்களுக்கு இல்லை.

நீ அவளுக்கும் உதவி வைத்திருக்கிறாய். சைலன்ஸ் பட்டனை அமுக்கினால் இரண்டு நிமிடம் வாயை மூடுகிறாய். அலாரத்தையே அணைத்துவிடு என்றால் மணியின்மேல் ஒரு குறுக்குக்கோடு போட்டுவிட்டு மூடிக்கொள்கிறாய். ஏன், எவ்வளவு நேரம், யார் சொன்னது என்றெல்லாம் கேட்பதில்லை. பாஸ்டனில் பேர்பெற்ற ஒரு மருத்துவமனையில் 2010 ஜனவரியில் 89 வயது முதியவர் ஒருவர் அப்படித்தான் போனார். அவருடைய மானிட்டரில் அபாய அலாரம் அணைக்கப்பட்டிருந்தது. துடிப்பு குறைந்துகொண்டே வந்ததைச் சொன்ன சின்ன ஒலிகள் வார்டின் இரைச்சலில் கலந்துபோயின. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன், 2009 ஜனவரியிலிருந்து 2012 ஜூன் வரை தங்களுக்கு வந்த அலாரம் தொடர்பான 98 நிகழ்வுகளில் 80 மரணத்தில் முடிந்தன என்று 2013 ஏப்ரலில் எச்சரித்தது. தாமாக முன்வந்து சொன்னவர்களின் கணக்கு மட்டுமே அது.

அதே பாஸ்டனில் இன்னொரு செய்தியும் உண்டு, உன்னை நான் மனதார மெச்சுவது அதற்காக. பாஸ்டன் மெடிக்கல் சென்டரின் இதயநோய்ப் பிரிவு ஒன்றில் புது மானிட்டர் வாங்கவில்லை, ஆள் கூட்டவில்லை. இருந்த மானிட்டர்களின் அமைப்பை மாற்றினார்கள். துடிப்பின் எல்லைகளை 50, 120 என்பதிலிருந்து 45, 130 என்று நகர்த்தினார்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டு மணி அடிப்பதை நீக்கினார்கள். உண்மையில் ஓடிவர வேண்டிய எச்சரிக்கைகளை மேல்நிலைக்கு உயர்த்தினார்கள். நோயாளிக்கு ஏற்றபடி எல்லையை மாற்ற, இன்னொரு சிஸ்டரோடு சேர்ந்து பார்த்து முடிவெடுக்கும் உரிமையைச் சிஸ்டர்களுக்கே கொடுத்தார்கள். வாரத்துக்கு ஏறத்தாழ 88,000ஆக இருந்த ஒலிகள் ஏறத்தாழ 10,000க்கு இறங்கின. நீ ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் ஒப்புக்கொண்டாய். இத்தனை நாளும் அதற்குத் தயாராகவே இருந்தவன் நீ.

உன்னைப் புகழ்ந்துவிட்டு, உன்னை வாங்கிவைத்தவர்களை விட்டுவிட்டால் நன்றி கெட்டவனாவேன். கொரோனா காலத்தில் அவசரத்தில் உன்னை வரிசையாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். திரை எத்தனை அங்குலம், எத்தனை அலை ஓடும், விலை எவ்வளவு என்று கவனமாகக் கேட்டு வாங்கினார்கள். நிறுவனத்திலிருந்து வந்தவர் சுவரில் மாட்டி, மின்சாரம் கொடுத்து, நேரத்தைச் சரிசெய்து, அரை மணி நேரம் செய்துகாட்டிவிட்டுப் போனார். அன்று டியூட்டியில் இருந்த சிஸ்டர்கள் பார்த்தார்கள். இரவு டியூட்டிக்காரர்களும், அடுத்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள், முதலில் கற்றது சைலன்ஸ் பட்டன். ஆழமான அமைப்புப் பக்கங்களுக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினார்கள். யாரும் தெரியாமல் கெடுத்துவிடக் கூடாதே என்பது காரணம், நியாயமான காரணம்தான். ஆனால் இந்த வார்டுக்கு எந்த எல்லை என்று உட்கார்ந்து பேசி எழுதிய ஒரு தாளும் அந்தப் பூட்டுக்குள் இல்லை. தொழிற்சாலையில் யாரோ எந்த நோயாளியையும் பார்க்காமல் எழுதிய எண்கள்தான் அங்கே பத்திரமாக இருக்கின்றன.

மருத்துவமனை நடத்துபவர்களே, இந்தப் புகழ்மாலையில் பாதி உங்களுக்குரியது, வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு சிலவற்றையும் செய்யுங்கள். உங்கள் ஐ.சி.யூ. டாக்டரும் மூத்த சிஸ்டரும் பயோமெடிக்கல் என்ஜினியரும் ஒரு மதியம் சேர்ந்து உட்கார்ந்து அந்த எண்களை உங்கள் நோயாளிகளுக்காக எழுதட்டும். மருந்துச் சீட்டில் மருந்தின் அளவை எழுதுவதுபோல, இந்த நோயாளிக்கு எந்த எண்ணில் மணி அடிக்க வேண்டும் என்பதையும் டாக்டர் எழுதட்டும். டியூட்டி மாறும்போது சலைன் எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு என்று ஒப்படைப்பவர்கள் எல்லை என்ன, லீட் எது, பேஸ்மேக்கர் உண்டா, கடைசி பி.பி. எப்போது எடுத்தது என்பதையும் சொல்லி ஒப்படைக்கட்டும். உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை: 97 என்ற எண்ணைப் படித்துவிட்டு வெளியே வராதீர்கள். "சிஸ்டர், எங்கப்பாவுக்கு இது எத்தனைல சத்தம் போடும்?" என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்.

இரவு ஒன்பது மணிக்கு டியூட்டிக்கு வரும் சிஸ்டருக்குப் பயிற்சி கொடுத்து, அந்தக் கடவுச்சொல்லை அவர் கையில் கொடுங்கள்.